கவிழ்த்து வைத்த கோப்பை

“கேர்ள்ஸ்னா எத்தனை பேரு?”

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் செண்பகவல்லியை எழுப்பி நிறுத்திக் கேட்ட கேள்வி இது. அரையாண்டுத் தேர்வில் ‘தி கேர்ள்ஸ் லாஸ்ட் டேஷ் வே’ என்று ஒரு வாக்கியம் வந்திருந்தது. பெண்கள் வழியைத் தொலைத்துவிட்டார்கள். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். வகுப்பு முழுக்க ‘தெய்ர்’ என்று எழுதியிருந்தது. செண்பகவல்லி மட்டும் ‘ஹெர்’ என்று எழுதியிருந்தாள்.

“சொல்லும்மா. ஒருத்தியா, நெறைய பேரா?”

“நெறைய பேரு சார்.”

“அப்ப அந்த நெறைய பேரையும் எங்க கொண்டுபோய் விட்ட? உன் பேப்பர்ல ஒருத்திதான் மிச்சமிருக்கா.”

வகுப்பு சிரித்தது. வாத்தியார் கெட்டவர் அல்ல. அவரும் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்துவிட்டார். செண்பகவல்லிதான் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் தெரியாமல் எழுதவில்லை. நாலைந்து பேர் ஒன்றாகப் போனால் வழி எப்படித் தொலையும்? ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்த பிறகுதானே தொலையும்? தொலைகிற நேரத்தில் ஒவ்வொருத்தியும் ஒருத்திதானே? இப்படி யோசித்துத்தான் எழுதினாள். அதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு எப்போதுமே வாய் வராது.

அந்த வருஷம் மாசியில் அம்மா செத்துப்போனாள். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, போ என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. மதினி நல்லவள். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவாள், பொங்கலுக்கு முதல் துணி செண்பகத்துக்குத்தான் எடுப்பாள். ஆனால் அவள் வாயில் வருகிற ‘நாங்க’வுக்குள் செண்பகம் இருக்க மாட்டாள்.

“ஏளா செம்பகம், நாங்க நாளைக்குத் திருச்செந்தூர் போறோம். நீ வீட்டைப் பாத்துக்கிடுதியா?”

“சரி மதினி.”

“நாங்க சாப்ட்டாச்சு. ஒனக்குச் சட்டியில இருக்கு.”

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை. அவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாரோ கதவைச் சத்தம் வராமல், மரியாதையாகச் சாத்துகிற மாதிரி இருக்கும் செண்பகத்துக்கு.

கோவில்பட்டிக்கு வெளியே, முன்பு தீப்பெட்டி குடோனாக இருந்த கட்டடத்தில் அந்தக் கம்பெனி வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. படிப்பு தேவையில்லை, கை நிதானமாக இருந்தால் போதும் என்றார்கள். தீப்பெட்டி ஒட்டிப் பழகிய கைகளுக்கு நிதானத்துக்கு என்ன குறை?

வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஆல்வின். தூத்துக்குடிக்காரர், மேற்பார்வையாளர், எந்நேரமும் கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருக்கும்.

“இங்க நீ கையுறை மாட்டிக்கிட்டுக் கையை ஆட்டுனா, அங்க ஐரிஸ் கையை ஆட்டும். ஐரிஸ்னா ஒரு இயந்திரம். ரெண்டு கை, ரெண்டு கண்ணு, அடியில சக்கரம். அது தொடுறது உன் கைக்குத் தெரியும், அது பாக்குறது நீ மாட்டுற கண்ணாடியில தெரியும். வடக்கே, குளிர் கடல்ல ஒரு தீவு. அங்க வயசான ஒரு அம்மா தனியா இருக்காங்க. பேரு ஷீனா. கஞ்சி வைக்கணும், மாத்திரை எடுத்துக் குடுக்கணும், நாற்காலியில தூக்கி உக்கார வைக்கணும். பேச்சுத்துணைக்கும் இருக்கணும்.”

“எனக்கு இங்கிலீஷ் வராதே சார்.”

“யாருக்கு வருது? நீ தமிழ்ல பேசு. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அதை இங்கிலீஷாக்கி ஐரிஸ் குரல்ல சொல்லிரும். அவுங்க பேசுறதைத் தமிழாக்கி உன் காதுல சொல்லும்.”

“நான் மட்டுமா சார் ஐரிஸை ஓட்டுவேன்?”

“மூணு பேரு. அங்க பகல்ல நீ. சாயங்காலம் ஒருத்தி, ராத்திரி ஒருத்தி. ஆளுக்கொரு ஊரு. பேரு கேக்காத, எனக்கே தெரியாது.”

“அந்தம்மாவுக்குத் தெரியுமா, மூணு பேருன்னு?”

ஆல்வின் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டார். “அங்கதான் விஷயமே இருக்கு. துணைக்கு ஒரே ஒருத்தின்னுதான் அவுங்களுக்குச் சொல்லியிருக்கு. முகம் தெரியாத மூணு பேரு வீட்டுக்குள்ள வந்து போறாகன்னா வயசானவுக பயந்துருவாக. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா மூணு பேருக்கும் வேலை இல்ல. புரியுதா?”

“வாய் தவறி நாங்கன்னு சொல்லிட்டேன்னா?”

“தாராளமா சொல்லு. பெட்டி திருத்திரும். பேரு ஒண்ணுன்னா அதுக்குப் பின்னால வர்ற சொல்லும் ஒண்ணா இருக்கணும். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பியே? ஐரிஸ் ஒண்ணு. நீ நாங்கன்னாலும் எங்கன்னாலும் அங்க போய் ‘நான்’னுதான் விழும்.”

படித்திருக்கிறேன் என்று செண்பகம் தலையாட்டினாள்.

ஷீனாவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. கால் ஓய்ந்துவிட்டது, கைகளில் ஓயாத நடுக்கம். குரல் மட்டும் தளரவில்லை. சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கடல். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே காலை முழுக்கப் பேசுவார். கரையில் இருந்த வானொலி நிலையத்தில் கப்பல்களோடு தந்தி பேசுகிற வேலை பார்த்தவர். அவர் பேச்சைப் பெட்டி செய்தி வாசிக்கிற தமிழில் காதில் சொல்லும். ‘வணக்கம் ஐரிஸ். இன்று கஞ்சி மிகவும் கெட்டியாக உள்ளது. இதைக் கொண்டு சுவர் எழுப்பலாம்.’ முதல் நாள் இதைக் கேட்டுச் செண்பகம் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பைப் பெட்டி என்னவாக மாற்றியதோ, அங்கே ஷீனாவும் சிரித்தார்.

மூன்று பேர் என்று தெரிந்ததே ஒழிய, மற்ற இருவரும் முதலில் அவளுக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தார்கள். அதை மாற்றியது ஒரு கோப்பை.

தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகப் பெட்டிகளை ஒட்டி அடுக்கிக்கொண்டே வரும்போது, இடையில் பிள்ளை அழுகிறதென்றோ உலை கொதிக்கிறதென்றோ எழுந்து போகிறவள், தான் கடைசியாக ஒட்டிய பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். ‘நான் எழுந்துவிட்டேன், இங்கிருந்து நீ தொடங்கு’ என்று அடுத்து உட்காருகிறவளுக்கு அது சொல்லும். செண்பகத்தின் அம்மா செய்வாள், அம்மாவைப் பார்த்து அவளும் செய்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், தன் நேரம் முடிகிற சமயம் ஷீனாவின் தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்தவள், கை போன போக்கில் அதைத் தொட்டியின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் கோப்பை சன்னல் விளிம்பில் கவிழ்ந்திருந்தது.

துடைத்து, காது கடல் பக்கம் பார்க்க, அழகாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. செண்பகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராத்திரிக்காரி பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பிள்ளை! சாத்தூரோ, சிவகாசியோ, கழுகுமலையோ. ‘நான் எழுந்துவிட்டேன், நீ வந்து உட்கார்’ என்று ஒருத்தி ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற அடுக்களையில் அவளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், “என்னளா, தன்னால சிரிக்க?” என்று மதினி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல மதினி.”

“அங்க எவனையாவது பாத்துட்டியா?”

“அங்க கிழவி ஒருத்திதான் இருக்கா.”

“அப்ப அவ மகனைப் பாத்திருப்ப.”

அது முதல் தினமும் அந்தக் கோப்பைதான் அவள் காத்திருந்த சேதி. பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் காலையில் கண்ணாடியை மாட்டியதும் முதல் பார்வை சன்னலுக்குத்தான் போகும். இருக்கும்.

சித்திரை மாதம் ஷீனா அந்தக் கேள்வியைக் கேட்டார். செண்பகம் ஐரிஸின் இரும்பு விரல்களால் மெத்தை உறையைச் சுருக்கம் போக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ எத்தனை பேர்?”

பெட்டிக்கு ‘நீ’யை விட்டால் வேறு தெரியாது. அதனால் அப்படி ஒட்டாமல் வந்து விழுந்தது கேள்வி. செண்பகத்தின் கை நின்றது.

“என்ன கேட்டீங்க?”

“சென்ற வாரம் என் அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னாய். அன்று மாலை, என் அம்மா ஊறுகாய் போட்டாள் என்று சொன்னாய். இரவில், என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அழுதாய். ஒரு தாய்க்கு இது அதிகம்.”

செண்பகம் உறையின் ஓரத்தை மறுபடி இழுக்கத் தொடங்கினாள்.

“அது மட்டுமல்ல. நான் தந்தி வேலை பார்த்தவள். கடலின் அந்தப் பக்கம் யார் தட்டுகிறார்கள் என்று தட்டுகிற கையை வைத்தே சொல்லிவிடுவோம். பேர் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. நீ போர்வையை என் தோள் வரை இழுப்பாய். இரவில் வருபவள் பாதத்தில் சுற்றிச் செருகுவாள், குழந்தைக்குச் செய்வது போல. மாலையில் வருபவள் அவசரக்காரி, ஆனால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் போக மாட்டாள். இது ஒரு கை அல்ல. எத்தனை பேர்?”

இதுநாள்வரை செண்பகத்தை யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அவள் போர்வையை எதுவரை இழுக்கிறாள் என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லக் கூடாது என்பது ஞாபகத்தில் இருந்தது. சொன்னால் மூன்று பேருக்கும் வேலை போகும் என்பதும். இருந்தும் வாயில் வந்துவிட்டது.

“மூணு பேரு. நாங்க மூணு பேரு.”

ஷீனா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார். “‘நான் ஐரிஸ். நான் மட்டும்தான்’ என்கிறாய். நல்லது.” அவர் முகம் கடல் பக்கம் திரும்பிவிட்டது.

செண்பகம் பதினான்கு வயதில் வாய் வராமல் நின்றாள். இப்போது வாய் வந்தும், போய்ச் சேருவது வேறொன்றாக இருக்கிறது. வாய் அவளுடையது இல்லை. கை?

அலமாரியைத் திறந்தாள். கோப்பைகளை எடுத்து வந்து ஷீனாவின் முன்னால் இருந்த மேசையில் வைத்தாள். ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு நடுக்கோப்பையின் மேல் இரும்பு விரலை வைத்து, அந்த விரலைத் தன் மார்புக்கு, அதாவது ஐரிஸின் மார்புக்கு, கொண்டுபோனாள்.

ஷீனா அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுங்குகிற கையை நீட்டி ஒவ்வொரு கோப்பையின் காதையும் தொட்டார், பிள்ளைகளின் காதைத் தொடுவது போல.

“அலுவலகத்தில் சொன்னால் எல்லோரையும் எடுத்துவிடுவார்கள்” என்றார். “அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் எதுவும் சொல்லவில்லை. கோப்பைகளை உள்ளே வை.”

அதற்குப் பிறகு செண்பகத்துக்குக் காலைகள் மாறின. மற்ற இருவரைப் பற்றி ஷீனா சொல்லச் சொல்ல, அவர்களுக்கு உருவம் வந்தது. மாலைக்காரி கோப்பையை ரொட்டி டப்பாவின் மேல் கவிழ்ப்பாளாம். ஒரு நாளைக்கு ஒரு தரமாவது எதையாவது கீழே போடுவாளாம். ராத்திரிக்காரி கதவை இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் வருவாளாம், திறந்த கதவாக இருந்தாலும். ‘அவுகளைக் கேட்டேன்னு சொல்லுங்க’ என்று ஒருமுறை செண்பகம் சொல்லிவிட்டாள். “‘என்னைக் கேட்டதாக என்னிடம் சொல்லுங்கள்’ என்கிறாய்” என்று ஷீனா இருமுகிற அளவுக்குச் சிரித்தார். பெட்டி கவிழ்க்கிற வழக்கத்தை விளக்கியபோதும் அப்படித்தான் ஆனது. “‘நான் எழுந்து போகும்போது கவிழ்ப்பேன், நான் வந்து உட்காருவதற்காக.’ புரிகிறது, புரிகிறது. எழுகிறவளும் நீ, உட்காருகிறவளும் நீ.”

அன்றைக்குத்தான் ஷீனா சிரிப்பு அடங்கி இன்னொன்றும் சொன்னார்.

“எங்கள் வேலையில், பேசி முடித்ததும் ‘முடிந்தது’ என்று தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டவர் ‘கிடைத்தது’ என்று ஒரே ஓர் எழுத்தைத் திருப்பித் தட்டுவார். அது மரியாதை. சில கப்பல்கள் தட்டாமல் போய்விடும். மூழ்கிவிட்டதா, கருவி கெட்டுவிட்டதா, தெரியாது. நாங்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்போம். வாரக்கணக்கில். வீட்டில் தூங்கும்போதும் கேட்டுக்கொண்டிருப்போம். ஐரிஸ், நீ போவதாக இருந்தால் தட்டாமல் போகாதே.”

“போகமாட்டேன்” என்றாள் செண்பகம். இதைப் பெட்டி மாற்றியிருக்காது என்று நம்பினாள்.

ஆடியில் ஒரு மாற்றம் வந்தது. கோப்பை சன்னல் விளிம்பில் இல்லை. ஷீனாவின் நாற்காலிக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் கவிழ்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம், பழுப்பாக ஒரு வளையம். தேநீரை முழுசாகக் கொட்டாமலே கவிழ்த்திருக்கிறார்கள். ராத்திரிக்குப் புதுசாக யாரோ வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் செண்பகம். ஒரு நாள் அல்ல, தினமும் அந்த வளையம். ‘பெட்டி ஒட்டுற வீட்டுப் பிள்ளையா நீ? ஈரத்தோட கவுத்துவாங்களா?’ என்று மனசுக்குள் வைதுகொண்டே துடைப்பாள். வைதாலும் அது ஒரு பேச்சுதான். சிலநாள் வளையம் பெரிதாக இருக்கும். ‘இன்னைக்கு என்னளா உனக்கு அவசரம்?’ என்பாள்.

ஷீனா மற்ற இருவரைப் பற்றிப் பேசுவது குறைந்துபோயிருந்தது. கேட்டால், “நலமாக இருக்கிறார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். வேலை முடிந்து கையுறையைக் கழற்றியவளை ஆல்வின் தன் மேசைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். எப்போதும் உட்காரச் சொல்லாதவர்.

“செம்பகம், நாளையோட முடியுதும்மா.”

“எது சார்?”

“ஐரிஸ் வேலை. ஐரிஸ் அங்கயேதான் இருக்கும். பெட்டி பழகிருச்சு. உன் கையைப் பாத்துப் பாத்து எல்லாத்தையும் கத்துக்கிடுச்சு. இனிமே தன்னால செய்யும்.”

அவளுக்குத் தன்னைப் பற்றி முதலில் தோன்றவில்லை. “அப்ப அவுங்க ரெண்டு பேரு?”

“யாரு? ஓ, அவுங்களா. அவுங்களை ஆடியிலயே எடுத்தாச்சே. சாயங்காலமும் ராத்திரியும் பெட்டிதான் பாக்குது. ரெண்டு மாசமா அந்தம்மா கண்டுபிடிக்கவே இல்ல பாரேன்.”

“இல்ல சார். ராத்திரிக்கு ஆள் இருக்கு. இன்னைக்குக் காலையிலகூட...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். “பெட்டி கோப்பையைக் கவுத்து வைக்குமா சார்?” என்று கேட்டாள்.

ஆல்வின் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “வைக்காது. வேலைக்குச் சம்பந்தமில்லாத அசைவை எல்லாம் அதுல கழிச்சிட்டாங்க. மூணு பேருமே கப்பைக் கவுத்துறாங்க, இது என்ன பழக்கம்னு மேல இருந்து என்கிட்ட கேட்டாங்க.” குரலைத் தணித்துக்கொண்டார். “எங்கம்மாவும் பெட்டி ஒட்டுனவதான். என்ன பழக்கம்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தப் பழுப்பு வளையம்தான் கண்ணில் நின்றது. பெட்டி கவிழ்க்காது. ராத்திரிக்காரி இல்லை. அப்படியென்றால் அந்த வீட்டில் கோப்பையைக் கவிழ்க்கக் கையுள்ள ஆள் ஒருவர்தான். நிற்காமல் நடுங்குகிற கை. எழுந்து தொட்டி வரை போய்க் கொட்ட முடியாத கால். எட்டுகிற தூரத்தில் அந்தச் சின்ன மேசைதான். இரண்டு மாதமாக, அவள் வருகிற நேரத்துக்கு முன்னால், மிச்சத் தேநீரோடு கோப்பையைப் பிடித்து, சிந்தச் சிந்தக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை மாறியது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்டுக்கொண்டே இருக்கிற வேதனை இவளுக்கு வேண்டாம் என்று, போனவர்களின் இடத்தில் தானே உட்கார்ந்திருக்கிறார். அவரைத்தான் இவள் தினமும் வைதுகொண்டிருந்தாள்.

வீட்டில் மதினி வாசலிலேயே நின்றாள். “நாங்க சினிமாவுக்குப் போறோம் செம்பகம். சாவி ஆணியில இருக்கு.” அவர்கள் போனபின் செண்பகம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் பின்னால் ஆல்வின் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“என்னை உக்காரச் சொல்லியிருக்காங்கம்மா. தப்பா நெனச்சுக்கிடாத. போறேன்னு சொல்லக் கூடாது. சொன்னாலும் அங்க போகாது, அதுவேற விஷயம். கையாலயும் ஒண்ணும் காட்டக் கூடாது. அந்தம்மாவைப் பொறுத்தவரைக்கும் ஐரிஸ் எங்கயும் போகல.”

“ஒரு மரியாதைக்குச் சார். சொல்லிட்டுப் போறதா வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாரு குடுத்தா? ஐரிஸ்தான குடுத்துச்சு? அது அங்கதான இருக்கு.”

செண்பகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சின்ன மேசையில் கோப்பை கவிழ்ந்திருந்தது. அடியில் வளையம். இன்றைக்கு அவள் வையவில்லை. அந்த வளையத்தைத் துடைக்காமல் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கஞ்சி வைத்தாள். மாத்திரை கொடுத்தாள். தலையை வாரிவிட்டாள், எப்போதையும்விட மெதுவாக.

“இன்று உன் கை கனமாக இருக்கிறது” என்றார் ஷீனா.

“ஒண்ணுமில்லம்மா.”

“மற்ற இருவரும் உன்னைக் கேட்டார்கள்.”

செண்பகம் சீப்பைக் கீழே வைத்தாள். “நானும் கேட்டேன்னு சொல்லுங்க” என்றாள். பின்னால் ஆல்வினின் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

நேரம் முடியப் போனது. தேநீர் போட்டு ஷீனாவின் கையில் கொடுத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து மூன்று கோப்பைகளை எடுத்து வந்தாள். சித்திரையில் வைத்த மாதிரியே மேசையில் வரிசையாக வைத்தாள்.

“செம்பகம்” என்றார் ஆல்வின். அதட்டலாக வரவில்லை.

அவள் இடதுபக்கத்துக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். அவசரக்காரி, எதையாவது கீழே போடுகிறவள். வலதுபக்கத்துக் கோப்பையைக் கவிழ்த்தாள். திறந்த கதவையும் தட்டுகிறவள். நடுக்கோப்பையைத் தூக்கியபோது இரும்புக் கையில் நடுக்கம் இல்லை. இங்கே கையுறைக்குள்தான் நடுங்கியது. சின்ன நடுக்கத்தையெல்லாம் பெட்டி கழித்துவிடும். அதையும் கவிழ்த்து வைத்தாள்.

ஆல்வின் எழுந்து வரவில்லை. தொடர்பை அறுக்கிற பொத்தானை அழுத்தவில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீனா மூன்று கோப்பைகளையும் பார்த்தார். தன் கையிலிருந்த கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல, சிந்தவிடாமல், அந்த வரிசையின் கடைசியில் வைத்தார். கவிழ்க்கவில்லை. மூன்று கவிழ்ந்து, ஒன்று ஆவி பறக்க நிமிர்ந்து நின்றது.

பிறகு ஐரிஸின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, அதன்மேல் ஒற்றை விரலால் தட்டினார். சின்னத் தட்டு, நெடுந்தட்டு, மறுபடி சின்னது. செண்பகத்தின் உள்ளங்கையில் கையுறைக்குள் அது அப்படியே வந்து விழுந்தது. அது என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது. பேச்சு இல்லை என்பதால் பெட்டிக்கும் தெரியவில்லை. அது எதையும் திருத்தாமல் விட்டுவிட்டது.

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் அது ஐரிஸ் சொன்னதாகத்தான் போய்ச் சேரும். செண்பகம் போர்வையை இழுத்து ஷீனாவின் தோள் வரை மூடினாள். கண்ணாடியைக் கழற்றினாள். கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தாள். ஆல்வினைத் தாண்டி, குடோன் கதவைத் திறந்து, வெளியே போனாள்.